ப்ரோபிஷருக்கு அஞ்சு பாயிண்ட்

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா, இது ஸ்கூல்—"

"ஸ்கூலுன்னு தெரிஞ்சுதான் வந்துகிறேன். இது இன்னா கோடு? அத்த சொல்லு முதல்ல."

"அதைத்தான் சொல்ல வரேன். கேள்விக்கு வெளியே எழுதினா—"

"மேலேர்ந்து கீழ வரிக்கும்! ரெண்டு பக்கம்! கை கடுக்க எழுதிகிறா எம் பொண்ணு—"

"—மார்க் போட முடியாது. யார் எழுதினாலும் அதுதான்."

"—ஒரே இழுப்பு! ஆட்ட அறுத்தா மாதிரி!"

உரக்கப் பேசியவள் அஞ்சம்மாள். தாம்பரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், தைத்து வருகிற சட்டைகளுக்கு நூல் பிசிறு வெட்டுகிற வேலை. அரை நாள் பர்மிஷன் சொல்லிவிட்டு, பீர்க்கன்கரணையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அடங்கிப் பேசியவள் காந்திமதி டீச்சர், ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ். இருவருக்கும் நடுவே மேசையில் கிடந்தது பரீட்சைப் பேப்பர். மேசைக்கு அந்தப் பக்கம் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் ஏகநாதன். ராஜகீழ்ப்பாக்கத்தில் பழைய குடும்பம். அப்பா நெல் போட்ட நிலத்தில் மகன் பள்ளிக்கூடம் கட்டி, அம்மா பேரில் 'பொன்னியம்மாள் மெட்ரிகுலேஷன்' என்று போர்டு மாட்டியிருந்தார். கதவை ஒட்டி நின்றிருந்தாள் சரசு, அஞ்சம்மாளின் மகள். சண்டையே அவளைப் பற்றித்தான். அவளைத் தவிர எல்லோரும் பேசினார்கள்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம், ஏப்ரல் கடைசி. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சையில் பிள்ளை தவறிவிட்டால் பெற்றவர்களை வரவழைப்பார்கள். பேப்பரைக் காட்டி, முதல் பக்கத்தில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்துவார்கள். 'சொந்தக் காரணங்களுக்காக என் மகளுக்கு டி.சி. தரும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் பாஸ் போட்டு அனுப்பிவிடுவார்கள். பிள்ளை வேறு எங்காவது போய்ப் பத்தாவது படித்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுக்காவிட்டால் ஃபெயில், இன்னொரு வருஷம் ஒன்பதாவது. பத்தாவதில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று ஜூன் மாசம் வாசலில் பேனர் கட்டுகிறார்களே, அந்தப் பேனருக்குக் கயிறு திரிப்பது இங்கேதான்.

சரசுவுக்கு மற்ற எல்லாவற்றிலும் பாஸ். இங்கிலீஷ் இரண்டாம் பேப்பரில் முப்பத்துமூன்று. வேண்டியது முப்பத்தைந்து. நான்-டீடெயில் கட்டுரைக்குப் பத்து மார்க். அவள் வாங்கியது முட்டை.

"ஏம்மா, முதல்ல உக்காரு" என்றார் ஏகநாதன். "நீ நின்னுக்கிட்டுக் கத்தினா எனக்குப் படபடன்னு வருது. கேள்வி என்னன்னாவது தெரியுமா உனக்கு? காந்திமதி, படிச்சுக் காட்டுங்க."

"மார்ட்டின் ப்ரோபிஷரோட வாழ்க்கையையும் கடற்பயணங்களையும் பத்தி ஒரு கட்டுரை சார். அஞ்சு பாயிண்ட், ஆன்சர் கீ இருக்கு. பிறந்து வளர்ந்தது, ராணி கையசைச்சு வழியனுப்பினது, மூணு தடவை கப்பல்ல போனது, ஜலசந்திக்குத் தன் பேரை வச்சது, ஸ்பெயின்காரனோட கடல்ல சண்டை போட்டு 'சர்' பட்டம் வாங்கினது. பாயிண்டுக்கு ரெண்டு மார்க்."

"ப்ரோபிஷர்னா?"

"இங்கிலாந்துக்காரர் சார். நானூறு வருஷத்துக்கு முன்னாடி, சீனாவுக்குக் குறுக்கு வழி தேடி வடக்கே போனவர்."

"சரி. இவ என்ன எழுதியிருக்கா?"

"ஒரு பொம்பளையப் பத்தி."

"எந்தப் பொம்பள?"

காந்திமதி பேப்பரைப் புரட்டினாள். அஞ்சம்மாள் சொன்னாள்:

"கொழந்த கைய நக்கினாளே சார், அந்தப் பொம்பள."

ஏகநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "என்னது? நக்கினாளா? இங்கிலீஷ் பாடத்துல ஏதும்மா நக்குறதும் துப்புறதும்? ஓ, கதை கட்டியிருக்கா உன் பொண்ணு. தப்பில்ல. கற்பனை நல்லதுதான். ஆனா பரீட்சையில போய்க் கற்பனையைக் காட்டினா—"

"கட்டுக்கதையா?"

அஞ்சம்மாளுக்குக் காது மடல் சூடேறியது. மார்க் போனதுகூட ஒரு பக்கம். இந்த ஆறு மாசமாக அந்தக் கதையோடு குடியிருந்தவள் அவள். ஐப்பசி மழையில் ஏரி தளும்பி, பாதிப் பிள்ளைகள் வராத ஒரு நாள் சரசு கொண்டுவந்த கதை. அடுப்படியில் நின்று சரசு சொல்ல, இவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். மறுநாள் கேட்டாள். அதற்கு மறுநாளும், 'அந்தக் கிழவி இன்னா ஆனா, மறுபடி சொல்லுடி' என்று கேட்டாள். கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னாள். அவர்களும் 'அய்ய, பாவிங்க' என்றார்கள். அதைப் போய்க் கட்டுக்கதை என்கிறாரே இந்த மனுஷன்!

"உனக்கென்னம்மா தெரியும் அந்தாளைப் பத்தி? புத்தகத்தைக் கண்ணால பார்த்திருக்கியா?"

"கண்ணால பாக்கல, காதால கேட்டுகிறேன். சொல்லட்டா? நீ எண்ணிக்கோ சார், அஞ்சு பாயிண்டும் வருதா இல்லியான்னு."

"சொல்லேன் பார்ப்போம்" என்றார் ஏகநாதன். வேடிக்கை பார்க்கிற மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அஞ்சம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மார்ட்டினு, சின்னதுலயே அப்பன் செத்த புள்ள. லண்டன்ல அம்மா வழி சொந்தக்காரரு வூட்டுக்கு அனுப்பிட்டாங்கோ. அவரு பாத்தாரு. இது ஒரு எடத்துல குந்துற ஜாதி இல்லன்னு கப்பல்ல ஏத்தி ஆப்பிரிக்காவுக்கு வுட்டாரு."

"ஒண்ணு" என்று ஒரு விரலை மடக்கினார் ஏகநாதன்.

"இரு சார். ரெண்டாந்தபா போனப்போ, அங்க கிற தலைவரு இன்னா சொன்னாரு? 'உங்க ஆளு ஒருத்தன இங்க ஈடா வுடு, அப்பத்தான் யாவாரம்'ன்னாரு. 'நான் இருக்கேன்'னு இவன் எறங்கிப் போனான். நடுவுல சண்ட வந்துடுச்சு. கப்பல்காரங்க இன்னா பண்ணாங்கோ? இவன அம்போன்னு வுட்டுட்டுக் கெளம்பிட்டாங்கோ! அப்பால போர்ச்சுகீசுக்காரன் கைல மாட்டி, கோட்டைக்குள்ள அடைஞ்சு கெடந்தான். ஊரு விட்டு ஊரு வந்து, பாஷை தெரியாதவன் கைல மாட்டுனா எப்டி இருக்கும்னு அவனுக்குத் தெரியும் சார். அத்த நல்லா மனசுல வச்சுக்கோ."

"இது நோட்ஸ்ல இல்லையே" என்றார் ஏகநாதன், டீச்சரைப் பார்த்து. டீச்சர் மேசையைப் பார்த்தாள்.

"அப்பால பெரிய ஆளாகி, 'சீனாவுக்குக் குறுக்கால வயி கீது, ஐஸு ஊருங்க வயியா போனா பூடலாம்'னு வூடு வூடா, பெரிய மனுசன் வாசல் வாசலா அலைஞ்சான். பதினஞ்சு வருசம் அலைஞ்சான்னு வச்சுக்கோ. கடைசியில கப்பலு கெடச்சுது. ராணி அரமண ஜன்னலாண்ட நின்னுகினு கைய ஆட்டிச்சு."

"ரெண்டு."

"மூணு கப்பலு கெளம்பி, சின்னது ஒண்ணு முழுகி, இன்னொண்ணு பயந்துகினு திரும்பி, இவன் கப்பலு மட்டும் போய்ச் சேந்துச்சு. பாத்தா நடுவுல தண்ணி, ரெண்டு பக்கம் தரை. 'இந்தாண்ட ஆசியா, அந்தாண்ட அமெரிக்கா'ன்னான். தன் பேரையே அதுக்கு வச்சுகினான். அந்த ஊரு சனம் அதுவரிக்கும் அந்தத் தண்ணிய பேர் இல்லாமலா கூப்டுகினு இருந்துச்சு? அப்பால பாத்தா அது வயியே இல்ல சார். முட்டுச்சந்து!"

ஏகநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முட்டுச்சந்தா? பரவாயில்லையே. மூணு. நாலாவது பாயிண்ட்தான் முன்னாடி வந்துடுச்சு, போகட்டும்."

"சிரிக்காத சார், இனிமேட்டுக்குத்தான் கீது. இவன் ஆளுங்க அஞ்சு பேரு படகுல கரைக்குப் போனாங்கோ. திரும்பல. இன்னா ஆனாங்கன்னு தெரியல. சரி, தேடணும், அது ஞாயம். இவன் எப்டித் தேடுனான்? ஒரு மணிய எடுத்து கிலுகிலுன்னு ஆட்டுனான். 'இந்தா, மணி வேணுமா, மணி வேணுமா'ன்னு. ஒரு ஆளு சின்னப் படகுல கிட்ட வந்தான். கைய நீட்டுனான். மணியக் குடுக்குறா மாதிரி குடுத்து, கையப் புடிச்சு, படகோட சேத்து அப்டியே மேல தூக்கிட்டான்! அந்தாளுக்கு ஆத்திரம் தாங்காம தன் நாக்கத் தானே கடிச்சுகினான் சார். பேச்சு புரியாத எடத்துல நாக்கு எதுக்குன்னு நெனச்சானோ இன்னாவோ. லண்டனுக்குக் கொண்டாந்து காட்டுனாங்கோ. கூட்டம் கூட்டமா வந்து பாத்தாங்கோ. கொஞ்ச நாள்ல சளி கட்டிச் செத்துப் பூட்டான். ஈடா இருந்தவன் சார் இந்த மார்ட்டினு! தெரியாதவன் பண்ணா மன்னிக்கலாம். தெரிஞ்சவனே பண்ணான்!"

மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். பேனா ஸ்டாண்ட் குதித்தது. ஏகநாதன் விரல் மடக்குவதை விட்டிருந்தார்.

"அந்த மொத தபாவுலயே ஒரு கறுப்புக் கல்ல எடுத்தாந்திருந்தாங்கோ. மூணு பேரு சோதிச்சுப் பாத்து 'ஒண்ணுமில்ல, வெறும் கல்லு'ன்னாங்கோ. நாலாவதா ஒருத்தன் 'தங்கம் கீது'ன்னான். 'மத்தவங்களுக்குத் தெரியாதது உனக்கு மட்டும் எப்டித் தெரிஞ்சுது?'ன்னாங்கோ. 'அதுக்கு இயற்கையத் தாஜா பண்ணத் தெரியணும்'ன்னான். அந்தத் தாஜாக்காரன் பேச்ச நம்பித்தான் மறுபடி போனாங்கோ. இந்தத் தபா கல்லு அள்ள."

"அடப்பாவி" என்றார் ஏகநாதன்.

"போன எடத்துல ஜனங்க பயந்து ஓடுது. ஓட முடியாம ரெண்டு பொம்பளைங்க மாட்டிகினாங்க. ஒருத்தி கெயவி. அவள பாத்துட்டு கப்பல்காரனுங்க, 'இவ பிசாசா இருப்பா, சூனியக்காரியா இருப்பா'ன்னு சொல்லி, அவ கால்ல போட்டுனு இருந்தத உருவிப் பாத்தானுங்க. இன்னாத்துக்கு? அவளுக்குக் கால்ல குளம்பு கீதா, மாட்டுக்கு மாதிரி, அத்தப் பாக்க! அந்தக் குளுருல, ஒரு வயசானவ கால்ல கிறதக் கழட்டிப் பாத்தானுங்க சார்!"

இந்த இடம் வரும்போதெல்லாம் அஞ்சம்மாளுக்குக் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும். அவள் கம்பெனியில் சாயங்காலம் மணி அடித்ததும் பெண்கள் கேட்டில் வரிசையில் நிற்க வேண்டும். டிபன் பாக்ஸைத் திறந்து காட்ட வேண்டும். முந்தானையை உதற வேண்டும். செருப்பைக் கழற்றித் தலைகீழாகத் தட்டிக் காட்ட வேண்டும். பத்து வருஷமாகத் தட்டிக் காட்டுகிறாள். ஒரு பட்டன்கூட விழுந்ததில்லை.

"தெனம் நான் கழட்டுறேன் சார் கேட்டுல. எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, அவள் நிற்கவில்லை.

"கெயவிய வுட்டுட்டாங்கோ. இன்னொருத்தி கைல கொழந்த. பாறைக்குப் பின்னால ஒளிஞ்சுகினு இருந்தவள ஆம்பளன்னு நெனச்சு அம்பு வுட்டதுல, அது கொழந்த கையத் துளைச்சுகினு பூடுச்சு. கப்பல்ல கிற டாக்டரு களிம்பு தடவுனாரு. இவ அந்தக் களிம்ப வழிச்சுப் போட்டுட்டு, தன் நாக்கால நக்கி நக்கியே புண்ண ஆத்துனா. பாத்துகினு இருந்தவன் எழுதி வச்சான், 'நாயி மாதிரி நக்குனா'ன்னு. நாயி மாதிரியாம்! கைய ஓட்ட போட்டவன் மனுசன், ஆத்துனவ நாயி!"

ஏகநாதன் கழற்றிய கண்ணாடியை மேசையில் வைத்தார்.

"அவளையும், அவளுக்கு முன்னபின்ன ஒட்டு உறவு இல்லாத ஒரு ஆம்பளையையும் சேத்து இங்கிலாந்துல ஒரு துறைமுகத்துக்குக் கொண்டாந்தாங்கோ. ஆள் மொதல்ல செத்தான். நாலு நாள்ல இவளும் செத்தா. ஆத்தாளே செத்தப்புறம் அந்தக் கொழந்தைய லண்டனுக்குத் தூக்கினு போனாங்கோ. அதுவும் செத்துச்சு. அந்தக் கை ஆறிப்போன கொழந்த! அதுக்கப்பறம் மூணாந்தபா, பதினஞ்சு கப்பலு. ஆயிரத்து நூறு டன்னுக்கு மேல கல்லு. எம் வூட்டுக்காரரு குப்பன் பல்லாவரத்துல கல்லு லோடு ஏத்துறவரு. கேட்டுட்டு, 'அடியே, நூத்திப் பத்து லாரிடி'ன்னாரு. அந்தக் கல்ல காச்சி காச்சிப் பாத்தாங்கோ. தங்கம் ஒரு குந்துமணி இல்ல. எல்லாத்தையும் ரோட்டுக்குக் கொட்டிட்டாங்கோ. கல்லுக்குத்தான் அத்தினி உசுரு. அப்பால ஸ்பெயின்காரனோட சண்ட போட்டான், சர் பட்டம் குடுத்தாங்கோ. ஆச்சா அஞ்சு?"

"ஆச்சு" என்றார் ஏகநாதன் மெதுவாக. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லாத்தாம்மா சொல்ற. காந்திமதி, இதெல்லாம் புத்தகத்துல எங்க இருக்கு?"

"இல்ல சார். புத்தகத்துல நாலு பக்கம்தான். ராணி, மூணு பயணம், பட்டம்."

"பின்ன இந்தம்மாவுக்கு யார் சொன்னது?"

"எம் பொண்ணு" என்றாள் அஞ்சம்மாள்.

"உன் பொண்ணுக்கு?"

அஞ்சம்மாள் திரும்பிக் காந்திமதியைப் பார்த்தாள். கதவோரம் சரசுவும் பார்த்தாள். காந்திமதியின் கழுத்தில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது.

"நான்தான் சார்" என்றாள்.

"நீங்களா?"

"மழை அன்னிக்கு, பன்னெண்டு பேர்தான் வந்திருந்தாங்க. பாடம் நடத்தினா மத்தவங்களுக்கு மறுபடி நடத்தணும். அதான் கல்லூரி நூலகத்துல ஒரு பெரிய புத்தகத்துல படிச்சதைச் சொன்னேன். ஒரு சுவாரஸ்யத்துக்கு. எழுதச் சொல்லலை சார்! 'இது உங்களுக்காக, பரீட்சையில நோட்ஸ்ல இருக்கறதை மட்டும் எழுதுங்க'ன்னு அப்பவே சொன்னேன். மத்தப் பதினோரு பேரும் அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"போன வருஷமே சொன்னேன் உங்ககிட்ட" என்றார் ஏகநாதன். "போர்ஷன்ல இல்லாததைப் பேசாதீங்கன்னு. போர்ஷன் முடியல, ரிவிஷன் ஆகல, இதுல கதாகாலட்சேபம்! இந்தப் பேப்பரை நான் பார்த்திருந்தா அன்னிக்கே கூப்பிட்டுக் கேட்டிருப்பேன், எங்கேர்ந்து வந்துச்சு இதுன்னு."

'கூப்பிட்டுக் கேட்டிருப்பேன்' என்றது அஞ்சம்மாள் காதில் விழுந்ததும் பேப்பரைத் தன் பக்கம் இழுத்தாள். இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது. ஆனால் கோடு தெரிந்தது. முதல் வரிக்கும் மேலே தொடங்கி, இரண்டாம் பக்கத்தின் கடைசி வரிக்கும் கீழே போய் நின்ற சிவப்புக் கோடு.

"அப்ப இந்தக் கோடு எம் பொண்ணுக்குப் போட்டது இல்ல" என்றாள். "இவருக்குப் பயந்துகினு, உன் வாயால சொன்னத நீயே அடிச்சுகின கோடு. அப்டித்தானே டீச்சர்?"

"அப்படியில்லம்மா—"

"அப்ப எப்டி? சொல்லு. பொய்யா சொன்ன பன்னெண்டு புள்ளைங்ககிட்டயும்?"

"பொய் இல்ல. நடந்ததுதான். பரீட்சைன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு ஒரு முறை இருக்கு—"

"கேக்குறதுக்கு நெஜம், எழுதுறதுக்கு நெஜம் இல்லியா? அது இன்னா நெஜம், வூட்டுக்குள்ள கட்டிக்கிற துணி மாதிரி?" மகள் பக்கம் திரும்பினாள். "நீ இன்னாடி ஊமக்கோட்டான் மாதிரி நின்னுகினு கீற? அஞ்சு பாயிண்டு தெரியுமா தெரியாதா உனக்கு?"

"தெரியும்மா."

"பின்ன எழுதித் தொலைக்கிறதுக்கு இன்னா?"

சரசு முதல்முறையாகக் கதவை விட்டு நகர்ந்து வந்தாள். "எழுதிக்கிட்டேதான் வந்தேன். பொறந்தது எழுதினேன். ராணி கையசைச்சது எழுதினேன். மூணாவது எழுதறப்போ அந்தப் பொம்பள வந்துட்டா. அவளை விட்டுட்டு அடுத்த பாயிண்டுக்குப் போக முடியல. மணி அடிச்சுட்டாங்க."

ஏகநாதன் பேப்பரை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோட்டுக்கு அடியில் படித்தார். உதடு அசைந்தது. "பிறப்பு இருக்கே" என்றார். "யார்க்‌ஷர். அப்புறம், ஆமா, ராணி. இருக்கு."

"பாயிண்டுக்கு எத்தினி மார்க்கு சார்?"

"ரெண்டு."

"ரெண்டு ரெண்டு நாலு. முப்பத்தி மூணும் நாலும்?"

அவர் காந்திமதியைப் பார்த்தார். காந்திமதி சொன்னாள், "மொத்தமா அடிச்சுட்டேன் சார். கவனிக்கல."

"கவனிக்கல!" அஞ்சம்மாளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "அந்தப் பொம்பள மேல கோடு போடுற அவசரத்துல ராணி மேலயும் போட்டுட்டியே டீச்சர்! முப்பத்தி ஏயு. எம் பொண்ணு பாஸு. உங்க கணக்குப்படியே பாஸு!"

"சரி சரி, சத்தம் போடாத" என்றார் ஏகநாதன். "பாஸ்தான். பாஸே போட்டுடறேன். பேப்பர்ல கையெழுத்துப் போடு. அப்படியே அந்த வெள்ளைத்தாள்ல டி.சி.க்கும் ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடு. நான் சொல்றேன், நீ எழுது."

"டி.சி.யா? அதான் பாஸாச்சே."

"பாஸ்தாம்மா. நல்லாப் படிக்கிற பொண்ணுதான். ஆனா பத்தாவது என்ன? கவர்மென்ட் பரீட்சை. பேப்பர் எங்கியோ போகும், யாரோ திருத்துவாங்க. அங்க போயி இவ, அந்தப் பொம்பள வந்தா, இந்தப் பொம்பள வந்தான்னு பாதியில நின்னுட்டா? அஞ்சு வருஷமா நூத்துக்கு நூறு எடுக்கிற ஸ்கூல் இது. ஒரே ஒருத்தியால தொண்ணூத்தெட்டு ஆச்சுன்னா, ஜூன்ல எவன் சேர்ப்பான் இங்க? என் நிலைமையையும் பாரு. படப்பைப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஸ்கூல் இருக்கு, நானே சொல்லிச் சேர்த்து விடறேன்."

"பீர்க்கன்கரணைலேர்ந்து படப்பைக்கு அனுப்புவேனா நான்?"

"அப்ப வேற எங்கியாவது."

"எழுதிக் குடுக்கலைன்னா?"

ஏகநாதன் பேப்பரைத் தன் பக்கம் நகர்த்தி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. "குடுக்கலைன்னா முப்பத்துமூணு. டீச்சர் போட்டது போட்டதுதான். மறுபடி ஒன்பதாவது."

அஞ்சம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். தடித்த விரல், பவழ மோதிரம். நாலு மார்க்கும் அந்தக் கைக்குக் கீழே இருந்தது. அவள் கேட்ட கதையில் மணியை ஆட்டியவனுக்கும் ஒரு கை இருந்தது. 'இந்தா, வேணுமா, வேணுமா.' கிட்டே போனால் பாஸ். போன பிறகு வெளியே.

"நம்ம புள்ள பத்தாவது போவணும்னுதானே சார் வந்தேன்" என்றாள். இப்போது குரல் இறங்கியிருந்தது. "நானு அஞ்சாவதோட நின்னவ. இவ பத்தாவது முடிச்சா போதும்னு வேண்டிகினு இருந்தவ. காலைல வர்றப்போகூட, எத எழுதச் சொன்னாலும் எழுதிக் குடுத்துட்டு வந்துடணும்னுதான் வந்தேன். நீ அத்த கட்டுக்கதைன்னு சொல்லாம இருந்திருந்தா எழுதிக் குடுத்திருப்பேன்."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. எழுது. 'சொந்தக் காரணங்களுக்காக'—"

"இதுல எனக்கு இன்னா சொந்தக் காரணம் கீது? எல்லாம் உன் காரணம்."

"ஏம்மா, ஃபார்மாலிட்டிம்மா அது—"

"சரசு." மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "நல்லாக் கேட்டுக்கோ. எழுதிக் குடுத்தா பத்தாவது. வேற ஸ்கூலு. உன் ஜோடிங்க முன்னால போவ, நீயும் போவலாம். குடுக்கலன்னா, அல்லாரும் மேல போவ, சின்னப் புள்ளைங்களோட நீ ஒம்பதாவதுல குந்தணும். அசிங்கமா இருக்கும். ஒரு வருசம் போவும். உன் வருசம், என்னுது இல்ல. இன்னா சொல்ற?"

சரசு அம்மாவைப் பார்க்கவில்லை. பேப்பரைப் பார்த்தாள், அதன்மேலிருந்த கையைப் பார்த்தாள்.

"டி.சி. எழுதினா, நாமளா கேட்டு வாங்கின மாதிரி ஆயிடும்மா" என்றாள். "நாம கேக்கலையே. நான் இங்கியே படிக்கிறேன்."

"நெசமா?"

"உம்."

"அழுவ மாட்டியே அப்பால?"

"அழுவேன். இருந்தாலும் இங்கியே படிக்கிறேன்."

அஞ்சம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். மேசையிலிருந்து பேனாவை எடுத்தாள். "கைய எடு சார்."

"என்னம்மா?"

"பேப்பர பாத்தேன்னு கையெழுத்து வாங்கணும்ல? போடுறேன். கைய எடு."

அவர் எடுத்தார். அவள் குனிந்து, அஞ்சாம் வகுப்பு வரை பழகிய குண்டு குண்டு எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: பார்த்தேன். முப்பத்து ஏழு. அஞ்சம்மாள்.

ஏகநாதன் எட்டிப் படித்தார். முகம் கறுத்தது. "என்ன இது? இங்க 'பார்த்தேன்'னு மட்டும்தான் போடணும். மார்க்கெல்லாம் பேரன்ட்ஸ் எழுதக் கூடாது. இது ரெக்கார்டும்மா! அடி அதை!"

"பாத்தத எழுதினேன். நீயும்தான் பாத்த. அடிக்கணும்னா நீ அடிச்சுக்கோ. சேப்பு மையி டீச்சராண்ட கீது."

"திமிரா? உன் பொண்ணு ஃபெயிலு, புரியுதா? ஃபெயிலு!"

"புரியுது சார். ஃபெயிலுன்னு போட்டுக்கோ. அதுக்குக் கீழ முப்பத்தி ஏயு இருக்கும். எவன் வந்து பாத்தாலும் கேப்பான், இன்னாய்யா இதுன்னு. அப்ப நீ உன் வாயால சொல்லு, யாரு கட்டுக்கதைன்னு."

வெள்ளைத்தாள் வெள்ளையாகவே கிடந்தது. அதை மடித்து ஏகநாதன் பக்கம் தள்ளிவிட்டு அஞ்சம்மாள் நிமிர்ந்தாள். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐந்து. இப்போது கிளம்பினால்தான் ஒரு மணி ஷிப்டுக்குப் போய்ச் சேர முடியும். சரசுவின் கையைப் பிடித்துக்கொண்டு கதவு வரைக்கும் போனாள். போனவள் நின்றாள்.

காந்திமதி அப்படியே உட்கார்ந்திருந்தாள். சிவப்பு மை பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். திட்டுவதற்கு அஞ்சம்மாளிடம் இன்னும் நிறைய இருந்தது. ஆனால் மழை நாளில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, பாடத்தில் இல்லாத ஒருத்திக்காகக் குரல் நடுங்கச் சொன்னவளும் இவள்தான். சரசு அதையும் சொல்லியிருந்தாள். 'டீச்சர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்கம்மா' என்று. அந்த நினைப்புதான் அஞ்சம்மாளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமூட்டியது. கல் நெஞ்சுக்காரி கோடு போட்டிருந்தால் போகிறது என்று விட்டுவிடலாம். கண்ணைத் துடைத்துக்கொண்ட கையாலேயே போட்டிருக்கிறாளே!

"ஜூன்ல இதே பாடம் வரும்" என்றாள் அஞ்சம்மாள். "இதே கேள்வியும் வரும். எம் பொண்ணு உனக்கு நேர் எதுருல குந்திகினு இருப்பா. அந்தப் பொம்பள வர்ற எடத்துல அவ இன்னா எழுதணும், டீச்சரம்மா? இப்பவே சொல்லிடு."